காற்று இழுக்கும் பம்பு



புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் பம்பு செட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. மோட்டார் நன்றாக ஓடும், தண்ணீர் மட்டும் ஏறாது. உறிஞ்சு குழாயின் இணைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டி, தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டுவார்கள்.

அதே கோளாறை நோணாங்குப்பத்தில், சுண்ணாம்பாற்றங்கரையில் பார்த்தேன், ஒரு வாட்டர் ஸ்கூட்டரில். விசையை அழுத்தினால் எஞ்சின் அலறியது. வண்டி நகரவே தயங்கியது. மெக்கானிக் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "காத்து இழுக்குது சார்" என்றார்.

இந்த வண்டிக்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடிவயிற்றில் கம்பி போட்ட ஒரு வாய். அதன் வழியே வரும் தண்ணீரை உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற விசிறி அழுத்தி, பின்பக்கக் குறுகிய குழாயால் பீய்ச்சுகிறது. ஆழமில்லாத ஆறுகளில் படகு விட நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950களில் மெருகேற்றிய முறை இது. இம்பெல்லர் இதழுக்கும் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. முகத்துவார மணல் புகுந்தால் அந்த வளையம் கீறிப்போகும். பம்பு உடலோடு சேரும் இடத்தில் பூசியிருக்கும் சீலண்ட் பசை வெடித்தாலோ, தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். நுரையைத் தள்ளி வண்டி எப்படி ஓடும்?

பாட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் மெக்கானிக் கம்பி வாயில் கை வைத்தார். போல்ட்டுகள்தான் பெரும்பாடு. ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினிய உடல், நடுவே உப்புத் தண்ணீர்: மூன்றும் சேர்ந்தால் ஒரு பாட்டரி மாதிரி. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து, போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். வலுவாகத் திருகினால் தலை முறிந்துவிடும். எண்ணெய் விட்டு, காத்திருந்து, மெல்லத் தட்டி, ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு பம்பைப் பின்பக்கமாக உருவினார்.

அடுத்து நடந்ததுதான் முக்கால்வாசி வேலை. பழைய சீலண்டை மூங்கில் சிம்பால் சுரண்டினார். இரும்பு உளி பட்டால் அந்தக் கீறலே காற்றுக்குப் புதுப் பாதையாகிவிடும். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் காய்ந்ததும் புது சீலண்டை எங்கும் அறுபடாத ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி இட்டார். சிலிக்கான் வகை சீலண்ட் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். புதுச்சேரியில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு முழு நாள் விட வேண்டும். மேல்தோல் மட்டும் காய்ந்ததைப் பார்த்து, சனி ஞாயிறு கூட்டத்துக்காக இறக்குவது தவறு. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஏனென்றால் இது வேகம் குறைவதோடு முடியும் சங்கதி அல்ல. இந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பித்தான் வண்டியைத் திருப்புகிறோம். தண்ணீர் குறைந்தால் திருப்பமும் குறையும். எதிரே படகு வரும்போது பயந்து விசையை விட்டுவிட்டால், பெரும்பாலான வண்டிகள் திரும்பாமல் நேரே போய் மோதும். ஏறும் முன் இதைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், உயிர்காப்பு ஜாக்கெட்டின் கொக்கிகளை எல்லாம் பூட்டுங்கள். எஞ்சின் அலறியும் வண்டி இழுக்கவில்லையா, உடனே கரைக்குத் திரும்பிவிடுங்கள்.