சொல்லும் கடிதமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். முன்னர்ப் பேசியோர் அதனை நிறைவாகவே பேசிவிட்டனர். நாம் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச விழைகிறோம்; இன்னும் வந்து சேராத கடிதம் அது.

நம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவரிடம் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். முனைவர் பட்டப் படிப்பிற்கு இடமும் உதவித்தொகையும் உண்டு, கடிதம் பின்னர் வரும் என்றார். மூன்று வாரங்கள் ஆகின்றன. தந்தையார் தெருவெங்கும் இனிப்பு வழங்கிவிட்டார். பிள்ளையோ, நம் நாட்டில் கிடைத்திருக்கும் ஆய்வு இடத்தை வேண்டாமென்று எழுதிவிடலாமா என நம்மிடம் வந்து கேட்டார். கூடாது என்றோம்.

காரணம் உண்டு. 1992 இல் நாம் பி.ஏ. தேறியபோது கல்லூரி ஒன்றின் பொறுப்பாளர், எம்.ஏ. வகுப்பில் இடம் உறுதி, போய் வா என்றார். பெரியவர் வாக்கு, எழுதித் தாருங்கள் என்று கேட்க நா எழவில்லை. வேறொரு கல்லூரி அனுப்பிய சேர்க்கைக் கடிதத்திற்குப் பணம் கட்டாமல் விட்டோம். ஜூலையில் வெளியான பட்டியலில் நம் பெயர் இல்லை. போய்க் கேட்டபோது, "அப்படியா சொன்னேன்?" என்றார். விழா அழைப்பிதழில் நம் பெயருக்குப் பின் பி.ஏ., பி.எட். என்று மட்டும் அச்சாகியிருப்பதன் கதை இதுவே.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் உதவ இசைந்தார். அது சொல்லளவில் நிற்கவில்லை. 1913 ஜூன் 4 அன்று பரோடாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னரே, ஜூலையில் அண்ணல் நியூயார்க் சேர்ந்தார். படிப்பு முடிந்தபின் 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பதும் அதில் அடங்கும். எழுத்து இரு தரப்பையும் கட்டும்.

அந்தப் பேராசிரியர் பொய்யுரைத்தார் என்று நாம் கருதவில்லை. அங்கே துறை பரிந்துரைக்கும். முறையான கடிதத்தைப் பல்கலைக்கழக அலுவலகம் அனுப்பும். இடையில் நாட்கள் ஓடும். ஆனால் அக்கடிதமின்றி ஐ-20 படிவம் இல்லை; அப்படிவமின்றி விசாவும் இல்லை. உதவித்தொகையுடன் இடம் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, ஏப்ரல் 15 வரை பதிலுக்குக் காத்திருக்கின்றன. அவசரம் எதற்கு?

கேட்டால் கொடுத்ததையும் பறித்துவிடுவார்களோ என்னும் அச்சம் நம் எலும்பில் ஊறியது. பிள்ளையும் தயங்கினார். நம் வீட்டு மேசையிலேயே அமர்ந்து, நன்றி கூறி, உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், கடிதம் எப்போது வரும் என்று நான்கு வரிகள் எழுதி அனுப்பச் செய்தோம்.

நேற்று வரை பதில் இல்லை. பிள்ளை இப்பந்தலில்தான் அமர்ந்திருக்கிறார். கடிதம் வந்ததும் தலைவர் அவர்களிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தந்தையார் மறுமுறையும் இனிப்பு வாங்க வேண்டியிருக்கும்.