அணையின் அளவை ஊரிலிருந்தே காணல்
(பேச்சிப்பாறையில் ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கோதையாற்றின் குறுக்கே 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற இவ்வணையின் முழு மட்டம் 48 அடி. பெருஞ்சாணிக்கு 77 அடி. இவ்விரண்டு எண்களையும் அறியாத உழவர் நாஞ்சில் நாட்டில் இலர். இன்று எத்தனை அடி என்பதே அவர்தம் கேள்வி. தோவாளைச் சானலின் கடைமடையில் கன்னிப்பூவுக்கு நாற்று விடுபவர்க்கு அவ்வெண் தெரிந்தாக வேண்டும். அது வாய்வழியே சென்றால், நாற்பது முப்பத்தைந்தாகவும் மாறும்!

நீர்மட்டத்தை உணரும் மின்கருவிகள் இன்று உள்ளன. ஆயினும் அவற்றுட் பல, அளவை நெடுந்தொலைவு சொல்ல வல்லன அல்ல. ஒற்றை வரப்பில் ஒருவர்பின் ஒருவராக நடப்பதுபோல், குறிகளை ஒரே கம்பியில் அடுத்தடுத்து அனுப்புவன தொடர்முறைக் கருவிகள். அகன்ற சாலையில் எண்மர் தோளோடு தோள் செல்வதுபோல், எட்டுக் கம்பிகளில் ஒருங்கே அனுப்புவன இணைமுறைக் கருவிகள். அலுவலகங்களின் பழைய அச்சுப்பொறிகள் இவ்வகையின. இவற்றின் கம்பி சில அடிகளுக்கு மேல் நீண்டால், எண்மரும் ஒருசேர வந்தடையார். தொடர்முறையில் 1960-இல் வகுத்த ஆர்.எஸ். 232 என்னும் முறை 50 அடிவரை பேசும். 1983-இல் வந்த ஆர்.எஸ். 485 ஏறக்குறைய 1,200 மீட்டர் பேசும். கடைமடையோ பல கல் தொலைவில் உள்ளது.

இவ்விடைவெளியை நிரப்புவது சிறு பெட்டியொன்று. அது கருவியருகே இருந்து, வரும் குறிகளை உறையிலிட்டு முகவரி எழுதும் அஞ்சல்காரர்போல், இணையத்தின் வழியே அனுப்புகிறது. ஊரிலுள்ள கணிப்பொறி உறையைப் பிரித்து, கருவி தன்னருகிலேயே பூட்டப்பட்டிருப்பதாகக் கொண்டு படிக்கிறது. பழைய கருவியை மாற்ற வேண்டுவதில்லை. ஊராட்சியின் குடிநீர்த் தொட்டிக்கும் இம்முறை பொருந்தும்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் மின்கம்பங்களைச் சாய்த்ததை நாம் கண்டோம். எண் மிகவும் வேண்டப்படும் நாளிலேயே பெட்டி ஊமையாகிவிடும். அதனினும் தீது, பழைய எண்ணையே திரையில் காட்டிக்கொண்டு நிற்பது. ஆகவே ஒவ்வோர் அளவோடும் அது எடுக்கப்பட்ட நேரமும் தெரிய வேண்டும், மின்கலம் வேண்டும், அளவுகோலைக் கண்ணால் பார்த்து ஏட்டில் எழுதும் பணியாளரும் வேண்டும். கருவி வந்துவிட்டதென்று அவரை நீக்குவதை நாம் ஏற்கமாட்டோம்.

மற்றொன்று அயலார் கை. ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில், 2000-ஆம் ஆண்டில், பணியிலிருந்து விலகிய ஒருவர் வானொலிக் கருவியால் கழிவுநீர் இறைப்பு நிலையங்களுக்குப் பொய்க் கட்டளைகள் அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. இத்தகைய கருவிகளிற் பல பேசும் மாட்பஸ் என்னும் முறை 1979-இல் தோன்றியது. கட்டளையிடுபவர் யாரென்று அது கேட்பதே இல்லை. எனவே நீர்மட்டத்தை ஊரார் படிக்கலாம்; மதகைத் திறக்கும் கட்டளை அவ்வழியே செல்லலாகாது.

ஊராட்சிக்கு இத்தகைய பெட்டி வாங்கத் தீர்மானம் எழுதுங்கால், விற்பவர் இட்டுத்தந்த கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றவும், புதியதை எவரெவர் வைத்திருப்பர் என்பதைப் பதிவேட்டில் குறிக்கவும் அத்தீர்மானத்திலேயே இடம் செய்யுங்கள்.