மண்ணுள் மறைந்த நீர்



அணை உடைவது எதனால் என்று வினவினால், வெள்ளம் பெருகி உடைத்தது என்றே பெரும்பாலும் விடை வரும். கண்ணுக்குத் தெரியும் நீரை மாத்திரமே நாம் அஞ்சுகின்றோம். மண்ணுள் மறைந்து நிற்கும் நீரும் அணையைக் கொல்லும் என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

கடற்கரையிலே சிறுவர் கட்டும் மணல்வீட்டைப் பாருங்கள். உலர்ந்த மணல் சரியும். ஈரமணல் நிமிர்ந்து நிற்கும். மணல்மணிகளுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றது. நீர் மிகுந்து இடைவெளிகள் யாவும் நிரம்பினாலோ, அப்பிடிப்பு அற்றுப்போகும். அந்நீர் வெளியேற வழியில்லையாயின், மேலுள்ள பாரத்தை நீரே தாங்கத் தொடங்கும். மணிகள் ஒன்றையொன்று நெருக்கும் விசை குறையும்; உராய்வும் குறையும். மண்ணின் வலிமை இந்நெருக்கத்திலேயே தங்கியுள்ளது என்று 1920களில் வகுத்துரைத்தவர் கார்ல் தெர்சாகி என்னும் அறிஞர். தளர்வான மண் நீரால் நிரம்பியிருக்கையிற் குலையுமாயின், கணப்பொழுதிற் கூழாகி ஓடும்.

சுரங்கங்களில் தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் நுண்மண் சேறாகவே வெளிவருகின்றது. அதனைத் தேக்க முதலில் ஒரு சிற்றணை கட்டி, பின்னர் தேங்கிய சேற்றின் மேலேயே அடுத்தடுத்த கரைகளை எழுப்புவது ஒரு முறை. செலவு குறைவு, ஆனால் அணைக்கு அத்திவாரம் அந்தச் சேறே.

பிரேசில் நாட்டின் புரூமாடீன்யோவில் 1976இல் தொடங்கி இவ்வாறு உயர்த்தப்பட்ட இரும்புத்தாதுக் கழிவணை 86 மீற்றர் உயரமானது. 2016 உடன் அங்கே கழிவு கொட்டுவது நின்றது. ஆயினும் வடிகால் போதாமையால் உள்ளே நீர்மட்டம் உயர்ந்தே நின்றது, மழைநீரும் ஊறியது. 2019 ஜனவரி 25ஆம் நாள் நண்பகலில் அணை திடீரெனக் குலைந்தது. ஐந்து நிமிடத்துள் ஏறக்குறைய 97 இலட்சம் கனமீற்றர் கழிவு பாய்ந்தது. உணவுச்சாலையில் இருந்த தொழிலாளர் உட்பட 270 பேர் மாண்டனர். வெளிப்படையான முன்னறிகுறி எதுவும் தோன்றவில்லை என்று பின்னர் ஆராய்ந்த நிபுணர்குழு கூறிற்று. அவ்வாண்டிலேயே பிரேசில் இவ்வகை அணைகளைத் தடைசெய்தது.

அன்பர்களே, கழிவு கொட்டுவதை நிறுத்தினால் மாத்திரம் அணை அடங்கிவிடாது. உள்ளிருக்கும் நீரை வடித்தல் வேண்டும்; நீர்மட்டத்தை அளந்து காத்தல் வேண்டும்; அணையின் அடிவாரத்தில் மனிதரை இருத்தாமை வேண்டும். வெளித்தோற்றத்தை நம்பி வாளாவிருத்தல் பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.