கூரையும் காலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், கட்டடப் பொறியியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் சங்கச் செயலாளர் இரண்டு வாரத்துக்கு முன் போன் செய்தார். "கோடை லீவுல போய் வீடு சரிபண்ணிக் குடுத்தீங்களே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க. பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். நாங்கள் செய்த நல்லதோடு, நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான் சொல்வேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதையும் சொல்லுங்க" என்றார். எனவே, பாராட்டு விழா என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் விழுந்தன. குடிசைகளும் ஓட்டு வீடுகளும் போன கணக்கை உங்களில் பலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நிவாரணப் பொருள் நிறையப் போயிற்று. அரிசியும் போர்வையும் போன பிறகும், ஆறு மாதம் கழித்தும், தார்ப்பாய்க்குக் கீழே குடும்பங்கள் இருந்தன.

அதனால் 2019 மே மாதம், முன்னாள் மாணவர்கள் ஒன்பது பேரும் மாணவர்கள் பதினாறு பேருமாகக் கிளம்பினோம். வேதாரண்யம் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு எடுத்த அதே கடற்கரைப் பகுதி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். பத்து நாளில் ஒன்பது வீட்டுக்குக் கூரை. இதுதான் திட்டம்.

அக்னி நட்சத்திர வெயில். உப்புக் காற்று. நம் தம்பிகளில் பாதிப்பேர் வீட்டில் ஒரு பல்பு கூட மாட்டியதில்லை. ஆனால் மூன்றாம் நாளுக்குள் பாண்டு தூக்கவும், ரசமட்டம் பார்க்கவும், ஏணியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்கவும் கற்றுக்கொண்டார்கள். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம்.

நான் சென்னையில் பெரிய பெரிய ஷெட்டுகளுக்குக் காற்றின் விசையைக் கணக்கிடும் வேலையில் இருப்பவன். ஆகவே அங்கே நான்தான் "இன்ஜினியர் சார்". முதல் நாள் மாலை பள்ளிக்கூடக் கரும்பலகையில் ஒரு வகுப்பே எடுத்தேன். அந்த வகுப்பில் சொன்னதில் பிழை இல்லை, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

காற்று கூரையை அமுக்கி உடைக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். தாழ்ந்த சரிவுள்ள கூரையைக் காற்று பெரும்பாலும் மேலே தூக்குகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 33 மீட்டர். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் உள்ள சூத்திரப்படி, அந்த வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் காற்றின் அழுத்தம் கிடைக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ. பத்தடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு தகர ஷீட்டுக்குக் கணக்குப் போட்டால் 220 கிலோ வருகிறது. ஷீட்டின் எடையோ பதினைந்து கிலோ சொச்சம். இதில் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டு காற்று உள்ளே புகுந்தால், அதுவும் சேர்ந்து தூக்கும். அதனால்தான் கூரைமேல் செங்கல்லும் மணல் மூட்டையும் பழைய டயரும் ஏற்றி வைப்பது மனசுக்கு ஆறுதலே தவிர, புயலுக்குப் பதில் இல்லை. அந்தக் கல்லே பறந்து வந்து யார் தலையிலாவது விழும்.

ஆகையால் நாங்கள் இரண்டு பக்கச் சரிவை விட்டுவிட்டு நாலு பக்கமும் சரிவாகக் கூரையை மாற்றினோம். சுவருக்கு வெளியே நீண்டிருந்த தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்குக் குறைத்தோம். ஷீட்டின் பள்ளத்தில் அல்லாமல் மேட்டில் துளை போட்டு, வாஷரோடு ஜே போல்ட் முடுக்கினோம். காற்று அதிகமாகப் பிய்க்கும் ஓரத்திலும் மூலையிலும் போல்ட்டை நெருக்கமாக வைத்தோம். சட்டத்தையும் விட்டத்தையும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினோம்.

இதெல்லாம் சரிதான். ஆனால் இரண்டாம் நாளே ஒரு பாட்டி எனக்கு முதல் பாடம் சொன்னார். "தம்பி, தகரம் போடுறீங்க, சந்தோஷம். மத்தியானம் உள்ள வந்து ஒரு நாழி உக்காந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். கீற்றுக் கூரையில் பிறந்து வளர்ந்தவர்களை அடுப்புக்குள் உட்கார வைக்க இருந்தோம். தென்னை எல்லாம் விழுந்து கீற்றுக்கே பஞ்சம். பிறகு அக்கம்பக்கத்தில் அலைந்து பனையோலை வாங்கி, ஷீட்டுக்குக் கீழே ஒரு தட்டி கட்டினோம். யாருக்கு வீடு சரிசெய்கிறோமோ அவரை முதலில் கேட்க வேண்டும் என்பது நம் சிலபஸில் இல்லை. பாட்டி சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அந்த ஊரில் கூரை வேய்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூலி வாங்காமல் தினமும் வந்து எங்களோடு நின்றார். எட்டாம் நாள், அதே பாட்டியின் வீட்டில் ஷீட் முடுக்கிக்கொண்டிருந்தோம். பெரியவர் கீழே தென்கிழக்கு மூலைக் காலின் அடியில், மரம் மண்ணோடு சேரும் இடத்தில், கடப்பாரையின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டினார். "டொப்" என்று கேட்டது.

"தம்பி, சத்தம் கேட்டுச்சா? நல்ல மரம்னா 'டங்'குன்னு சொல்லும். இது உள்ள சொத்தை. மேல எவ்வளவு முடுக்குனாலும் காலு தாங்கணும்ல?"

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. ஷீட்டிலிருந்து போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து விட்டத்துக்கு, விட்டத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து மண்ணுக்கு என்று விசை இறங்க வேண்டும். இது ஒரு சங்கிலி. முதல் நாள் கரும்பலகையில் இதைப் படமாகவே போட்டவன் நான். மரம் மண்ணைத் தொடும் மட்டத்தில் ஈரமும் இருக்கும், காற்றும் இருக்கும். அதனால் அங்கேதான் முதலில் உளுத்துப்போகும். இதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் அன்றைக்கு எட்டாம் நாள். இன்னும் இரண்டு வீடு பாக்கி. பத்தாம் நாள் சிறிய விழா. ஒன்பது வீடு என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. எட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அடுத்த தடவை வரும்போது மாத்திடலாங்கய்யா" என்றேன். காலை ஒட்டி ஒரு துண்டுச் சட்டம் வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, வெற்றிலை போடப் போய்விட்டார்.

2019 மலரைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். நானும் பாட்டியும் ஒரு புது வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கும். அந்த வீடுதான்.

அடுத்த தடவை என்று சொன்னேனே, அது வரவில்லை. 2020 மே மாதம் ஊரடங்கு. அது உண்மையான காரணம். ஆனால் அதற்கு முந்தைய ஜனவரியில் ஊரடங்கு இல்லை. அப்போதும் நான் போகவில்லை. அதற்குக் காரணம் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

2020 டிசம்பரில் புரெவி புயலை ஒட்டி டெல்டாவில் விடாமல் மழை. ஒரு நாள் காலையில் பாட்டியின் பேரன் போன் செய்தான். பிளஸ் டூ படிக்கிற பையன். "அண்ணே, தெங்கிழக்கு மூலைக் காலு உக்காந்துருச்சு. கூரை அப்படியே ஒரு பக்கமா இறங்கிருச்சு. ஆனா அண்ணே, ஷீட்டு ஒண்ணும் ஆகல. ஒரு போல்ட்டு கூடக் கழலல." அவன் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அதைவிடக் கொட்டுகிற வார்த்தை இல்லை. என் கூரை முழுசாக, இறுக்கமாக, ஒரு குறையும் இல்லாமல் கீழே வந்திருந்தது.

பாட்டி முதல் நாள் இரவே பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். இல்லையென்றால், அவர் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்கிற இடம் அந்த மூலைதான்.

இதை நான் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பத்து நாள் முகாமுக்குப் போய் வந்தவனை எல்லோரும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். "அந்த வீடு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. கடைசியில் தாங்காமல் என் அறைத் தோழர்கள் இருவரிடம் சொன்னேன். 2021 பிப்ரவரியில் மூன்று பேரும் போனோம்.

பாட்டி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வந்துட்டீங்கள்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போனார். பெரியவர் கடப்பாரையை என் கையில் கொடுத்து, "இப்ப நீங்க தட்டுங்க தம்பி, நான் கேக்குறேன்" என்றார். ஒன்பது வீடு, ஐம்பத்து நாலு கால். ஒவ்வொன்றாகத் தட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பதினொரு கால் சொத்தை. விழுந்தது ஒன்று, விழக் காத்திருந்தவை பத்து.

கூரையை முட்டுக்கொடுத்துத் தூக்கி, சொத்தைக் காலை எடுத்துவிட்டு, குழி வெட்டிச் சிறிய கான்கிரீட் பீடம் போட்டோம். அதில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைப் புதைத்து, புதுக் காலை மண்ணில் படாமல் அதில் நிறுத்தி போல்ட் போட்டோம். இனி மரத்துக்கும் ஈரத்துக்கும் உறவு இல்லை. அங்கே நிலத்தடி நீர் உப்பு. அதில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கிற இரும்பு துருப்பிடித்துவிடும். ஆகவே குழாயில் வரும் குடிதண்ணீர்தான் வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக்குப் பிடித்து வைத்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றினார்கள். முதல் தடவையே ஒழுங்காகச் செய்திருந்தால் இன்னொரு முறை அந்தத் தண்ணீரைக் கேட்டிருக்க வேண்டாம்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் மூன்று நாள் அங்கே போகிறோம். புதிதாக எதுவும் கட்டுவதில்லை. காலைத் தட்டிப் பார்ப்போம். துருப்பிடித்த போல்ட்டையும் வெயிலில் காய்ந்து வெடித்த வாஷரையும் மாற்றுவோம். முறுக்குக் கம்பி தளர்ந்திருந்தால் இறுக்குவோம். உப்புக் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது வேலை இருக்கும். ஆனால் போட்டோ எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

இந்தக் கவலையைத்தான் உங்கள் முன் வைக்க வந்தேன். மே மாதம் போனது இருபத்தைந்து பேர். அடுத்த பயணங்களில் ஆறு பேர் வந்தார்கள். போன தடவை மூன்றே பேர். பெரியவர் இப்போது காலமாகிவிட்டார். தட்டிய சத்தத்தைக் கேட்டுச் சொல்ல நானும் இன்னொருவரும்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கும் வயதாகிறது, குடும்பம் இருக்கிறது. அடுத்து யார்?

தம்பி தங்கைகளே, நீங்கள் என்.எஸ்.எஸ்.ஸில் இருப்பீர்கள். 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் அது. "நான் அல்ல, நீங்கள்" என்பது அதன் குறிக்கோள். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்பது கணக்கு. அந்தக் கணக்கை முடிக்கத்தான் நானும் ஒரு காலத்தில் மண்வெட்டி பிடித்தேன், மறைக்கவில்லை. மணிக்கணக்கு தப்பில்லை. ஆனால் "ஒன்பது வீடு" என்ற கணக்குக்காக நான் ஒரு காலை விட்டேன். நீங்கள் எட்டு வீடு செய்துவிட்டு வந்து, ஒன்பதாவது ஏன் முடியவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற இன்ஜினியரை நம் தொழிலில் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேல் மலரில் வீடு முடிந்த அன்று எடுத்த படத்தைப் போடாதீர்கள். மூன்று மழை தாண்டிய பிறகு எடுத்த படத்தைப் போடுங்கள்.

வெளியே வரவேற்பு மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் மே மாதம் என்றும், எதிர்ப் பக்கத்தில் ஜனவரி மாதம் என்றும் எழுதியிருக்கிறது. மே மாதப் பக்கம் தானாக நிரம்பிவிடும், எனக்குத் தெரியும். சாப்பிடப் போவதற்கு முன் ஜனவரிப் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.