பட்டம் இல்லாத பெற்றோரும் பட்டதாரிப் பிள்ளைகளும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

உதவித்தொகை கேட்டு எங்களிடம் வரும் பெற்றோர் பலர், "நாங்க படிக்காதவங்க" என்று தலைகுனிந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். அவர்களுக்காக இன்று இரண்டு நாடுகளின் கணக்கைச் சொல்ல விரும்புகிறோம்.

எந்த நாட்டில் எத்தனை பேர் உயர்கல்வி முடித்திருக்கிறார்கள் என்பதை ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டு அமைப்பு வயதுவாரியாக வெளியிடுகிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கில் 55 முதல் 64 வயது வரை உள்ளவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் உயர்கல்வி முடித்தவர்கள். தென்கொரியாவில் சுமார் 14 பேர்தான்.

கொரியர்களுக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை. அமெரிக்காவில், உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசே ஏற்றது. சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். கறுப்பின வீரர்கள் பலருக்கு அந்த வாசல் சரியாகத் திறக்கவில்லை என்பதும் உண்மை. 1965இல் வந்த உயர்கல்விச் சட்டம் ஏழை மாணவர்களுக்கு உதவி தந்தது. நாம் சொன்ன அமெரிக்கப் பெரியவர்கள் அந்தக் காலத்தை ஒட்டிக் கல்லூரி வயதை எட்டியவர்கள்.

அதே வயதுக் கொரியர்களோ 1950-53 போரை ஒட்டிப் பிறந்தவர்கள். நாடு இடிந்து கிடந்தது. ஆரம்பப் பள்ளி முடித்து அடுத்த பள்ளியில் சேரவே நுழைவுத் தேர்வு. அதை 1969இல்தான் நீக்கத் தொடங்கினார்கள். மகனைக் கல்லூரிக்கு அனுப்ப மாட்டை விற்ற குடும்பங்கள் ஏராளம். அதனால் கல்லூரியையே 'மாட்டெலும்புக் கோபுரம்' என்று அங்கே சொல்வதுண்டு.

இனி, அதே ஆண்டில் 25 முதல் 34 வயது உள்ளவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் சுமார் 44 பேர். கொரியாவில் சுமார் 66 பேர்! இவர்களில் பெரும்பாலோரை வளர்த்து ஆளாக்கியவர்கள் பட்டம் இல்லாத அந்தப் பெற்றோர்தாம். ஆகவே, தாய்மார்களே, தலைகுனிய வேண்டாம்.

பெரியவர்களையும் கொரியா மறக்கவில்லை. வேலை செய்துகொண்டே படிக்க 1972இல் வானொலி, தபால் வழிக் கல்லூரியைத் தொடங்கியது. அது இன்று பெரிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு 56 வயதுத் தாயார் ஒருவர் வந்தார். பிள்ளைகள் மூவரையும் பட்டதாரிகள் ஆக்கியவர். தபால்வழியில் பி.ஏ. படிக்கக் கட்டண உதவி கேட்டார். 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உதவி இல்லை என்ற விதியைக் காட்டினோம். "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கல்வி தேட மார்க்கம் வயது வரம்பு வைக்கவில்லை, நாங்கள்தான் வைத்திருந்தோம்.

அந்த விதியை நிர்வாகக் குழு இப்போது நீக்கிவிட்டது. அந்தத் தாயாரின் வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டு, விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து வந்தோம். உங்கள் வீட்டிலும் படிக்க ஆசைப்படும் பெரியவர் இருந்தால் அழைத்து வாருங்கள். மாணவச் செல்வங்களே, படிவத்தை நிரப்பித் தருவது உங்கள் பொறுப்பு.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.