கிருமியை இனங்காணல்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலை மாணவன் ஒருவன் பத்து நாட்களாகக் காய்ச்சலால் வாடினான். நெருப்புக்காய்ச்சல் என ஐயுற்ற வைத்தியர் அவனுடைய இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை. பின்னர் விசாரித்தபோது, தமையனுக்கு வாங்கி மிஞ்சியிருந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைத் தாயார் இரண்டு நாட்கள் கொடுத்திருந்தமை தெரியவந்தது. அம்மருந்து கிருமியை முற்றாக அழிக்கவில்லை. ஆயினும் சோதனையில் அகப்படாதவாறு மறைத்திருக்கலாம் என்றார் வைத்தியர்.

நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். எனினும், அச்சோதனை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அன்றுதான் ஆர்வத்துடன் கேட்டறிந்தேன்.

பற்றீரியாக்களை நுணுக்குக்காட்டியில் நிறமூட்டியே பார்க்கின்றனர். 1884ஆம் ஆண்டில், பேர்லின் நகரில் பணியாற்றிய டென்மார்க்கு நாட்டவரான ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம் என்பார் இதற்கொரு முறையை வெளியிட்டார். ஊதாச் சாயமும் அயடீனும் இட்டு, மதுசாரத்தாற் கழுவினால், தடித்த சுவருள்ள பற்றீரியாக்கள் ஊதா நிறத்தை விடாது பற்றி நிற்கும். மெல்லிய சுவருள்ளவை நிறமிழந்து, அடுத்து இடப்படும் சிவப்புச் சாயத்தை ஏற்கும். சில நிமிடங்களில் முதற்பிரிவினை முடிந்துவிடுகின்றது.

ஆனால், நெருப்புக்காய்ச்சற் கிருமியும் எமது குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலை என்னும் கிருமியும் ஒரே சிவப்புக் கோல்களாகவே தோன்றும். இங்கே தோற்றம் போதாது. நடத்தையை ஆராய வேண்டும். இரத்தத்தைப் போசணைத் திரவத்திலிட்டு, உடல் வெப்பமாகிய 37 பாகையில் வைத்துக் கிருமியை வளர்க்கின்றனர். பின்னர் அதனை ஏகார் பாகு உறைந்த தட்டில் இடுகின்றனர். நம்மவர் கடற்பாசி என்று இனிப்புச் செய்யும் அதே பொருள்தான் இந்த ஏகார். 1881ஆம் ஆண்டில் இதனை ஆய்வுகூடத்திற்குப் பரிந்துரைத்தவர், சமையலறையில் அதன் பயனை அறிந்திருந்த ஃபனி ஹெசே என்னும் பெண்மணி.

அத்தட்டில் பாலிலுள்ள லக்ரோஸ் என்னும் வெல்லத்தையும் நிறங்காட்டியையும் சேர்த்திருந்தால், ஈ. கோலை அவ்வெல்லத்தைப் புளிக்கச் செய்து இளஞ்சிவப்பாகப் படரும். நெருப்புக்காய்ச்சற் கிருமி அதனைத் தீண்டாது நிறமின்றி நிற்கும். மேலும் சில சோதனைகளால் அதன் இனத்தை உறுதிசெய்கின்றனர். பின்பு, மருந்து தோய்ந்த சிறு வட்டுக்களைக் கிருமி பரப்பிய தட்டில் வைப்பர். எம்மருந்தைச் சூழ்ந்து போதிய அளவு வெறுமை வளையம் தோன்றுகின்றதோ, அம்மருந்து பயன்தரும் எனக் கொள்வர்.

கிருமி வளர்வதற்கு நாட்கள் செல்லும். அதனை நாம் விரைவுபடுத்த இயலாது. நோய் கடுமையாயின் வைத்தியர் முதலில் இரத்தத்தை எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார். முடிவு வந்ததும் தேவையாயின் மருந்தை மாற்றுவார்.

எனவே, பெற்றோரே, மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கென்று சேமித்து வைக்காதீர்கள். ஏதேனும் கொடுத்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காது கூறுங்கள். எங்கள் மாணவன் மீண்டும் செய்த சோதனையின் பின் குணமடைந்து வகுப்புக்குத் திரும்பினான். ஆயினும் ஒரு தவணைப் படிப்பை இழந்தான். வீட்டிலிருந்த அந்தச் சில மாத்திரைகளுக்கு அவன் கொடுத்த விலை அது.