கொல்லைப்புறத்தில் சீமை அத்தி



அரிதாக வருவோரை ‘அத்தி பூத்தாற்போல’ வந்தீர்கள் என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை; காய் என்று நாம் காணும் உருண்டைக்குள்ளேயே அதன் பூக்கள் மறைந்திருக்கின்றன. கன்னட நண்பர்கள் அஞ்சூர என்றழைக்கும் சீமை அத்தி, 3,000 அடி உயரத்திலுள்ள இப்பெங்களூரிலும் நன்கு வளரும். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாம் அத்திக்கே பெயர் பெற்ற ஊரன்றோ!

எங்கள் கொல்லையிலும் ஒரு மரம் வைத்தோம். மூன்றாம் ஆண்டு காய்கள் நிறைந்தன. அணிலுக்கும் கிளிக்கும் அஞ்சி, மாங்காயைப்போல் அரிசிப் பானையில் பழுத்துவிடும் என்றெண்ணிப் பறித்துவிட்டோம். நான்கே நாளில் அவை சுருங்கின. இனிப்பு அணுவளவும் ஏறவில்லை. குழந்தைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை! மாங்காய் தன்னுள் சேர்த்த மாவைப் பின்னர்ச் சர்க்கரையாக்கிக் கொள்ளும். அத்திக்கோ இனிப்பு மரத்திலிருந்தே வந்து சேர வேண்டும். அது வருவதும், காய் திடீரெனப் பருப்பதும் கடைசிச் சில நாட்களில்தான். பழம் மெத்தென்றாகிக் கழுத்துத் தளர்ந்து தலைகவிழும்வரை கை வைக்கலாகாது. கிள்ளிய காம்பில் பால் வடிந்தால் அவசரப்பட்டோம் என்று பொருள்.

மத்தியதரைக்கடல் நாட்டார், முதிர்ந்த காயின் கண்ணில் ஒரு துளி ஆலிவ் எண்ணெய் தடவுவர். அது காய்க்குள் எதிலீன் வாயுவைத் தூண்டிப் பழுப்பதை விரைவுபடுத்தும். பிஞ்சில் தடவிப் பயனில்லை.

இவ்வாண்டு பழைய மல் வேட்டியைக் கிழித்துப் பைகள் தைத்துக் காய்களுக்குக் கட்டியிருக்கிறோம். உச்சிக் கிளை மட்டும் கிளிகளுக்கு.